பயன்படுத்தியவர் கருத்து

"இது எத்தினி நாளு தாங்கும் பாப்பா?"

டென்னிஸ் அண்ணா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் கையில் எங்கள் கடையிலேயே விலை குறைந்த உளி இருந்தது. ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம், மரவேலைச் சாமான் விற்கும் அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. முதலாளி அத்னான் பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "லைஃப் டைம் வரும், எடுத்துகினு போ நைனா" என்றார்.

"யாரு லைஃபு பாய்? உளியோடதா, என்னோடதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பதில் தெரியாத கேள்வியை வைத்துக்கொண்டு சிரிக்க எனக்கு வராது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. இப்போது பத்தொன்பது. இந்த மூன்று வருடத்தில் ஆறு நோட்டுகள் எழுதி முடித்திருக்கிறேன். வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பேன். அம்மாவுக்குத் தெரியாது. இது ஏழாவது நோட்டு. முதல் ஆறிலும் சாமான்களைப் பற்றி மட்டும் எழுதினேன். இதில் என்னைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. தேவைக்கு மேல் எழுத மாட்டேன்.

நான் பத்தாம் வகுப்பில் பள்ளியை விட்டவள். படிப்பு வந்தது, வாய்தான் வரவில்லை. ஒருநாள் கணக்கு டீச்சர் என் பரீட்சைத் தாளை உயர்த்திப் பிடித்து, "எல்லா விடையும் சரியா இருக்கு. எப்படிப் போட்டேன்னு எழுந்து சொல்லு ஆன்சி" என்றார். எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன், அவ்வளவுதான். பக்கத்திலிருந்தவளைப் பார்த்து எழுதினேன் என்று முடிவானது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிரூபணம் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

கடைக்கு வரும் சாமான்கள் பெரும்பாலும் பெயரில்லாதவை. துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களிலிருந்து மொத்தமாகப் பிரித்து வாங்கி வருவார் பாய். பெட்டியின் மேல் ஒரு படம் இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். வாங்குபவர்கள் திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள். நல்ல கம்பெனிச் சாமான் வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மலிவிலேயே எது பரவாயில்லை என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து சோதித்தேன். மூலைமட்டத்தைச் சோதிப்பது சுலபம். நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போட வேண்டும். மட்டத்தை அப்படியே மறுபக்கம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் போனால் சரியான மட்டம். விலகினால், விலகலில் பாதி அதன் பிழை. பிழையை இரண்டு மடங்காக்கிக் காட்டுவதால் யாரும் மறுக்க முடியாது. ரசமட்டமும் அப்படித்தான். ஒரே இடத்தில் முன்பின்னாக மாற்றி வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டேப்பின் கொக்கி ஆடினால் மட்டமான சரக்கு என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கொக்கி தன் தடிமன் அளவுக்கு ஆடத்தான் வேண்டும், ஆடாததுதான் பொய் சொல்லும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றை வைத்து ஒன்றைப் பார்த்துக் கண்டுகொண்டேன்.

கண்டுகொண்டதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் வழி சொன்னது டென்னிஸ் அண்ணாதான். ஒருநாள் மூலைமட்டம் எடுக்க வந்தவர் கையிலிருந்து நான் அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தேன். "ஏன், அதுக்கு இன்னா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "சரி, பேச வேணாம். துண்டுச் சீட்டுல எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன்: 'ஓரடிக்கு ஒரு மில்லி வெளியே போகிறது. இது போகவில்லை.'

அவர் அதைத் தன் பட்டறையில் சோதித்திருக்கிறார். அடுத்த வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்தப் பொண்ணு சீட்டு குடுத்தா கண்ண மூடிகினு வாங்கலாம். பாய் குடுத்தா கண்ணத் தொறந்து பாருங்க."

"நம்ம கடையில நின்னுகினே நம்மள கலாய்க்கிறியா?" என்று பாய் சிரித்தார். அவருக்கு வியாபாரம் கூடியது, அதனால் பேசாமல் இருந்தார்.

எல்லாரும் சீட்டுக் கேட்டார்கள். எழுத்தில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆறு நோட்டிலும் ஒரு பொய்கூடக் கிடையாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நின்றது. ஒரு சாமான் சரியாக இருக்கிறதா என்று திருப்பிப் போட்டுப் பார்த்துவிடலாம். எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பார்க்க முடியாது. மொட்டை மாடியில் வாரம் இரண்டு மணி நேரம் நான் செதுக்குவது உபயோகத்தில் சேராது. உபயோகம் பட்டறையில் நடக்கிறது. அவசரமாக, வியர்வையோடு, கெட்ட மரத்தில், கெட்ட மனநிலையில். அங்கே நான் போக முடியாது. சாமான்தான் போக வேண்டும்.

முதலில், கடைக்கு வாடிக்கையாக வரும் வேதமாணிக்கம் அண்ணனுக்கு ஒரு டேப் கொடுத்தேன். இரண்டு மீட்டருக்கு மூன்று மில்லி குறைவாகக் காட்டும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். சீட்டுக் கொடுக்கவில்லை. சீட்டு இல்லையென்றால் வாக்கும் இல்லை, அது என் முறை. அவர் தன் டேப்பை வைத்து நிலைவாசலையும், வீட்டுக்காரர் டேப்பை வைத்துக் கதவையும் அளந்தார். இரண்டும் சேரவில்லை. கதவு வீணானது. அவர் தன் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துக் கண் பரிசோதனைக்குப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டார். கண்ணாடி அவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது என்று பிறகு தெரிந்தது.

அடுத்து பாரி, புளியந்தோப்புக்காரர். அவருக்குக் கொடுத்த உளியின் கழுத்தில் ஊசி போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. பத்தொன்பதாம் நாள் முறிந்தது. இடது உள்ளங்கையில் ஏழு தையல். 'உளி, மஞ்சள் பிடி, 19 நாள்' என்று நோட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு அந்த ரக உளியைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் 'மூன்று வாரம் தாங்காது' என்று சீட்டுக் கொடுத்தேன். யாரும் வாங்கவில்லை. பாய் மிச்சச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். ஒரு உள்ளங்கைக்கு எதிராக எத்தனை உள்ளங்கை தப்பியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பாரி அதற்கப்புறமும் கடைக்கு வந்தார். "என் நேரம் தங்கச்சி" என்றார். நான் தலையாட்டினேன்.

டென்னிஸ் அண்ணாவுக்கு நான் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. அவர் விஷயம் வேறு. அவரே கொண்டுவந்தார்.

போன ஜூன் மாதம். கொடுங்கையூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், முப்பது வீட்டுக்குச் சமையலறை அலமாரிக் கதவு செய்யும் வேலை அவருக்கு வந்திருந்தது. அதுவரை அடுத்தவர் கான்ட்ராக்டில் கூலிக்குப் போனவர். சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை. இதைச் சரியாக முடித்தால் பக்கத்துக் கட்டடமும் அவருக்கே என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் மறுபடியும் கூலிதான். கடைக்குள் வந்தபோதே முகம் பளபளவென்று இருந்தது. கையில் ஒரு பார்சல்.

"பாய், கோச்சுக்காத. ஆன்லைன்ல வாங்கிட்டேன்" என்று பார்சலைப் பிரித்தார். மரம் அறுக்கும் வட்டப் பிளேடு, நாற்பது பல். மார்பிள் கட்டர் என்கிற கல் அறுக்கும் மெஷினில் இதை மாட்டுவார்கள். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, மெஷினைப் பலகைக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, சுவிட்சை அழுத்திப் பூட்டிவிட்டால், பலகைக்கு மேலே பிளேடு மட்டும் சுற்றும். பெரிய அறுவை மேசை வாங்க முடியாத எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான். மூடி போட்டால் மெஷின் கவிழ்ந்து உட்காராது.

அவர் போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். "பாத்தியா? நாலே கால் ஸ்டார். பன்னெண்டாயிரம் பேரு நல்லா கீதுன்னு சொல்லிக்கிறாங்க. நீ ஒரே ஆளு, அவங்க பன்னெண்டாயிரம்."

"அப்ப ஆன்சிக்கு இனிமே வேலை இல்ல" என்றார் பாய்.

"அப்படி சொல்லாத பாய். இந்தப் பொண்ணு எல்லாத்தையும் திருப்பிப் போட்டுப் பாக்குது. இத்தயே ஒரு நாள் திருப்பிப் போட்டுப் பாக்கணும், எத்தினி மில்லி வெளிய போவுதுன்னு." கடையில் நின்றிருந்த நான்கைந்து பேரும் சிரித்தார்கள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டாயிரம் பேரைப் பற்றித்தான் நினைத்தேன். அன்றிரவு இரவல் போனில் அவர்கள் எழுதியதை நிறையப் படித்தேன். சீக்கிரம் வந்தது, பேக்கிங் நன்று, பார்க்கப் பளபளப்பு. எல்லாரும் பெட்டி பிரித்த நாளில் எழுதியவர்கள். நாற்பதாம் நாள் எழுதியவர் ஒருவரும் இல்லை. நான் ஒருத்தி என்பது உண்மைதான். ஆனால் நாற்பதாம் நாளில் யாரும் எழுதாதது அந்த ஒருத்திக்கு மட்டும்தான் குறையாகத் தெரிந்தது.

"சும்மா சொன்னேன். நீ பாத்து சொல்லு" என்று டென்னிஸ் அண்ணா பிளேடை என்னிடம் நீட்டினார்.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். நாற்பது பல்லையும் பார்த்தேன். ஏழு பற்களின் அடியில் பற்றவைப்பு பாதிதான் இறங்கியிருந்தது. அதில் ஒன்றில் முடி போல ஒரு கீறல். பிளேடின் மேல் அதிகபட்ச வேகம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று என்று பொறித்திருந்தது. அவர் மெஷின் பதின்மூன்றாயிரம் சுற்றும். எங்கள் கடையில் வாங்கியது என்பதால் எனக்குத் தெரியும்.

"இன்னா, ஓகேவா?"

"நல்லா இருக்கு" என்றேன்.

வாயால் சொன்னேன். எழுதித் தரவில்லை. மூன்று வருடத்தில் ஒரு சாமானைப் பற்றி நான் வாயால் சொன்னது அந்த ஒருமுறைதான். டென்னிஸ் அண்ணா என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். "ஏய், பேசிட்டா பாய். ஆன்சி பேசிட்டா." உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். சீட்டு கேட்க மறந்துவிட்டார்.

போகும்போது, கவுண்டரில் தொங்கிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். "இது எப்படி?" என்றார். இதற்கு மட்டும் சீட்டு எழுதினேன்: 'எட்டு நிமிடத்தில் ஆவி படியும். கழற்றிக் கழற்றித் துடைக்க வேண்டும்.' நான்காம் நோட்டில் இருக்கிறது, நானே போட்டுப் பார்த்து எழுதியது. அது முழுக்க உண்மை. அவர் கண்ணாடியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆறாம் நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். கட்டம் போட்டேன். சாமான், பார்த்தபோது இருந்த நிலை, பயன்படுத்துபவர், நாள், முடிவு, பயன்படுத்தியவர் கருத்து.

வாரம் ஒருமுறை கீலும் திருகாணியும் வாங்க வருவார். "பிளேடு எப்படிண்ணா?" என்று எழுதிக் காட்டுவேன். "வெண்ணெ மாதிரி போவுது" என்பார். இருபத்து மூன்றாம் நாள் பிளேடையே கையில் கொண்டுவந்தார். "லேசா ஒரு சத்தம் கேக்குது. இன்னான்னு பாரு." பார்த்தேன். கீறல் பல்லின் பாதி வரை வந்திருந்தது. பசை படிந்திருந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பளிச்சென்று ஆனதும் திருப்பிக் கொடுத்தேன். கீறலைச் சொல்லவில்லை. அழுக்கினால்தான் சத்தம் என்று நினைத்து அவர் வாங்கிக்கொண்டு போனார். பாதி வழியில் நிறுத்தினால் அதுவரையிலான நாள்களுக்கு அர்த்தமில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் அந்த வாடை நிறைந்திருந்தது. போன் வந்தது. பாய் எழுந்து நின்று பேசினார். ஒரு பல் தெறித்து டென்னிஸ் அண்ணாவின் இடது கண்ணில் இறங்கிவிட்டது என்றார். இருபத்தேழு வீட்டுக் கதவு முடிந்திருந்தது. மூன்று வீடு பாக்கி.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பாக்கி வேலை வேறு ஆளுக்குப் போனது, பக்கத்துக் கட்டடமும்.

வருத்தப்பட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். பட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தச்சர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்கள். டென்னிஸ் அண்ணா எப்போதும் இடது கண்ணைத்தான் மூடுவார்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி குணசுந்தரி அக்கா கடைக்கு வந்தார். பிளேடை ஒரு ஜவுளிக்கடைப் பையில் கொண்டுவந்திருந்தார்.

"இது யாரு வித்தது, இன்னான்னு ஒரு புகாராவது குடுக்கலாம்னு பாத்தா, வாணான்றாரு பாய்" என்றார். "சாமான் மேல தப்பு இல்லியாம். ஆன்சி பாத்து நல்லா கீதுன்னு சொல்லிச்சாம். அது சொன்னா சரியாத்தான் இருக்குமாம். 'என் கைதான் கோணலா தள்ளிச்சு'ன்னு அதையே சொல்லிகினு கிடக்கிறாரு. படுத்துகினு கையத் தூக்கித் தூக்கிப் பாக்கிறாரு. பாத்தா வயிறு எரியுது."

"ஆன்லைன் சாமான் அப்படித்தாம்மா" என்றார் பாய்.

நான் பிளேடை வாங்கிப் பற்களை எண்ணினேன். முப்பத்தொன்பது. போனது, கீறல் இருந்த அதே பல். நான் கணித்தது சரி.

குணசுந்தரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது வந்து சொல்லு கண்ணு, கை மேல தப்பு இல்லன்னு. நீ சொன்னா கேப்பாரு."

அந்த வார்த்தைதான் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. கண் போனது முடிந்த விஷயம். ஆனால் காரணம் தப்பாகப் பதிவாகியிருந்தது. கை கோணலாகத் தள்ளவில்லை. அவர் கை மிக நேரானது, எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தப்பான அளவை எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்நாள் முழுவதும் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரை வரச் சொல்லும்படி அக்காவுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "இன்னா ஆன்சி, எப்படி கீற?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பேசியது அவ்வளவுதான்.

நான் ஆறாம் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். அவருடைய முதல் கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. மூன்று வருடம் முன்பு கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை என்று அவர் தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். சாமான்: நாற்பது பல் பிளேடு. பார்த்தபோது இருந்த நிலை: ஏழு பல்லில் பற்றவைப்பு பாதி, ஒன்றில் கீறல், மெஷின் வேகத்தைத் தாங்காது. பயன்படுத்துபவர்: டென்னிஸ். 23ஆம் நாள்: கீறல் பாதி. துடைத்துக் கொடுத்தேன். நாள்: 41. முடிவு: ஒரு பல், இடது கண். கை மேல் தவறில்லை.

அந்தக் கடைசி வரியை நான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

விரல் மேலே திரும்பிப் போனது. 'பார்த்தபோது இருந்த நிலை' என்ற இடத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு முன்பக்கங்களைப் புரட்டினார். மஞ்சள் பிடி உளி, பாரி, ஏழு தையல். வேதமாணிக்கம், டேப், கதவு. ஒவ்வொன்றையும் படித்தார். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. பயன்படுத்தியவர் கருத்து. அதை நான் நிரப்பக் கூடாது, அவர்தான் நிரப்ப வேண்டும். பென்சிலைச் சீவி அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் பென்சிலுக்குக் கை நீட்டியதாகத்தான் நினைக்கிறேன். கை பென்சிலுக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே கவுண்டரில் பட்டது. பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்து பென்சிலைத் தேடினேன்.

நிமிர்ந்தபோது அவர் எழுந்திருந்தார். நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டினாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். என் எழுத்துதான். அவர் நோட்டைத் தொடவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாசல்படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்து இறங்கினார். லாரிகளுக்கு இடையில் ரோட்டைக் கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன்: 'குறை எதுவும் சொல்லவில்லை.'